பொருட்பட்டியலும் சமுதாய வரலாறும்: கல்முனைக் கரையோரப் புழங்குபொருட்கள் குறித்துச் சில கருத்துகள்

நூதனசாலைப் பொருட்பட்டியலை இலக்கிய விமர்சகர் பொதுவாகத் தம் எல்லைக்கு அப்பாற்பட்டதெனக் கருதுவர். ஆயின் எதைப் பதிவது, எதை விடுப்பது, எப்பெயரால் அழைப்பது என்னும் தெரிவுகளாலேயே பட்டியல் உருவாகின்றது. அவ்வகையில் அதுவும் ஒரு பனுவலே. அதன் கருத்துநிலையை ஆராய்தல் விமர்சனத்தின் பணியாகும்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் புழங்குபொருட்களைப் பேணும் முயற்சிகளுள் காத்தான்குடியில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நூதனசாலை குறிப்பிடத்தக்கது. அதற்குத் தெற்கே, மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களிலும் இத்தகைய பணி அவசரமானது. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலை இக்கரையோரத்தில் உயிர்களையும் வீடுகளையும் மட்டுமன்றி, வீடுகளிலிருந்த பழம்பொருட்களையும் அள்ளிச்சென்றது. எஞ்சியவற்றைப் பதிய வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வாறு பதிவது என்பதே வினா.

வழக்கமான பதிவேட்டில் பெயர், மூலப்பொருள், அளவு, காலம், வழங்கியவர் என்னும் விபரங்கள் இடம்பெறும். மரைக்காலை எடுத்துக்கொள்வோம். 'நெல் அளக்கும் கருவி' என்பதோடு பதிவு முடிந்துவிடுகின்றது. யார் அளந்தார், யாருக்கு அளந்தார் என்பன எழுதப்படுவதில்லை. களவெட்டியில் குவிந்த பொலி போடியாரின் பங்கென்றும் முல்லைக்காரனின் பங்கென்றும் பிரிந்தது மரைக்காலின் வழியாகவே. குத்தகை விவசாயியின் உரிமையைப் பாதுகாக்க 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் முற்பட்டது இத்தகைய பங்கீடுகள் நாடெங்கும் நிலவிய சூழலிலேயாம். எனவே மரைக்கால் வெறும் அளவைக் கருவியன்று. உற்பத்தி உறவொன்றின் சாட்சியம்.

பெண்களின் உழைப்பு இதனினும் ஆழமாக மறைக்கப்படுகின்றது. மருதமுனையின் கைத்தறி காட்சிக்கு வரும்; அத்தறிக்கு நூல் சுற்றியவள் வரமாட்டாள். பன்பாய் வரும், அதனை இழைத்த கை வராது. அக்கரைப்பற்றை நெடுங்காலம் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இப்பகுதியின் தாய்வழிக் குடிமுறையையும் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும் வழக்கத்தையும் விளக்கியுள்ளார். அவ்வாறாயின் அவ்வீட்டின் வட்டாவும் படிக்கமும் எவர் வழியாக வந்தன? 'வழங்கியவர்' என்னும் நிரலில் குடும்பத் தலைவரான ஆணின் பெயரை மாத்திரம் எழுதுவது, பொருளின் உண்மையான வழித்தடத்தையே அழித்துவிடுவதாகும்.

1985இலும் 1990இலும் இப்பிரதேசம் கண்ட வன்முறைகளின் பின்னர், தம் தொன்மையை நிறுவ ஒரு சமூகம் விழைவது விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆயினும் தொன்மையை மாத்திரம் நாடும் பட்டியல் இரு உண்மைகளை இழக்கின்றது. ஒன்று, சமூகத்தின் உள்ளே நிலவிய வர்க்க வேறுபாடு. மற்றொன்று, அயலவருடனான உழைப்புறவு. போடியார், முல்லைக்காரன், களவெட்டி என்னும் சொற்கள் தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் கிராமங்களிலும் ஒருங்கே வழங்குபவை. ஒரே வயல் வாழ்வு ஈன்ற சொற்களை இன எல்லைக்குள் அடைத்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

பதிவேட்டில் மேலும் நான்கு நிரல்கள் வேண்டுமென நாம் கருதுகின்றோம்: செய்தவர், உடைமையாளர், பயன்படுத்தியவர், பயன்படுத்தியோர் வாய்ச்சொல். முதல் மூன்றும் ஒருவரையே குறிக்கும் பொருட்கள் சிலவே. அவை வேறுபடும் இடத்திலேதான் சமுதாய வரலாறு தொடங்குகின்றது. நான்காவது நிரலை நிரப்பக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பொருள் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.