வர்ணமும் மௌனமும்

உருவம் ஒன்றையும் முன்கூட்டி மனத்தில் வரித்துக்கொள்ளாமல், உள்ளுணர்வு இழுத்த வழியே தூரிகையைச் செலுத்தி, அதனால் சித்தம் அடங்கப் பெறுவதும் ஒரு தியானமே என்று சொல்வோர் இன்று பலர். அவர்கள் சொல்வதில் சத்தியம் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க விரும்புவோர்க்கு, 1924-ல் நாகபுரியில் பிறந்து, பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்று, 2001-ல் மறைந்த ஓவியர் வி. எஸ். கைதொண்டேயின் பணி நல்லதோர் உரைகல்.

ஜென் பௌத்தத்திலும், பம்பாயில் வாழ்ந்த நிசர்கதத்த மகராஜின் உபதேசத்திலும் மனம் தோய்ந்த கைதொண்டே, தம் படங்களை அரூபச் சித்திரம் என்று பிறர் வகைப்படுத்துவதை ஏற்கவில்லை. புறப்பொருளைச் சாராத சித்திரம் என்பதே அவருக்கு உவந்த பெயர். கித்தான்மீது பூசிய வர்ணம் காயுமுன் அதன்மேல் உருளையை ஓட்டுவார். கிழித்த காகிதத் துண்டுகளைக் கொண்டு வர்ணத்தை ஒற்றுவார். ஒற்றிய சுவட்டின் விளிம்பில் அடிப்பூச்சு மெல்லொளியாய்க் கசியும். வேண்டாதது என்று கண் சொன்னதைக் கத்தியால் வழித்தெடுப்பார். இவ்வாறு வருஷத்துக்கு ஐந்தாறு படங்களே பெரும்பாலும் நிறைவேறின. எஞ்சிய காலமெல்லாம் சிந்தனையிலும் காத்திருப்பிலும் கழிந்தது.

இம்முறையின் மேன்மை அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. ஒத்த சாயலைக் கொண்டுவர வேண்டும் என்ற கவலையும், பார்ப்பவன் மெச்ச வேண்டும் என்ற ஆவலும் நீங்கியபின், கண்ணெதிரே விரியும் நிறம் ஒன்றிலேயே மனம் முழுவதும் குவிகிறதே, அதைத் தியானம் என்று அழைக்க நான் தயங்கமாட்டேன்.

ஆயினும் குறைகளை மறைத்தல் நியாயமாகாது. ராக ஆலாபனையில் மனோதர்மம் எவ்வளவு சுதந்திரமாகச் சஞ்சரித்தாலும், சுருதி விலகினால் தம்பூராவே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். புறப்பொருளைத் துறந்த சித்திரத்துக்கு அத்தகைய வெளிச்சாட்சி கிடையாது. ஆகையால் கைக்குப் பழகிப்போன அசைவையே உள்ளுணர்வு என்றும், அலுப்பின்றி வேலை முடிந்த திருப்தியையே சமாதி என்றும் கருதி ஏமாறுவது மிக எளிது. கைதொண்டேயின் பிற்காலப் படங்கள் சிலவற்றிலும் ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதை மறுப்பதற்கில்லை. இன்னொன்று: எழுதியவன் அடைந்த அமைதி எழுதப்பட்ட படத்தில் தானாகவே வந்து தங்கிவிடாது, அவன் உள்ளம் அடங்கியிருக்கலாம், படமோ வெறும் கறையாக நின்றுவிடலாம்.

அப்படியானால் இங்கே தம்பூராவின் ஸ்தானத்தில் நிற்பது எது? தான் இட்ட நிறத்தைத் தானே மறுத்து வழித்தெடுக்கத் துணிந்த அந்தக் கத்தியே என்பது என் கருத்து. மறுக்கும் கண்ணும் பொறுக்கும் மனமும் இல்லாத இடத்தில் உள்ளுணர்வு வெறும் விருப்பமாகத் தேய்ந்துபோகிறது. இவ்வழியில் இறங்க விழையும் அன்பர்கள், வர்ணக் குழாய்களை ஆசையோடு வாங்கும் அன்றைக்கே அந்தக் கத்தியையும் மறவாது வாங்கிக்கொள்வார்களாக.