எல்லாப் பாட்டுக்கும் ஒரே வீச்சு

ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் கல்யாண வீடுகளில் கிட்டாரோடு உட்காரும் நம்ம பையன்கள் கார்டுகளைச் சரியாகவே பிடிக்கிறார்கள். வலது கைதான் பிரச்சினை. கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். எந்தப் பாட்டு வந்தாலும் இதே ஸ்ட்ரம்மிங்தான். நாலு எண்ணிக்கைப் பாட்டுக்கு ஓகே. கும்மியும் தாலாட்டும் பெரும்பாலும் மூன்று மூன்றாக நடப்பவை. அங்கே ஆறு எண்ணி, ஒன்றிலும் நாலிலும் அழுத்த வேண்டும். ரப்பர் தோட்டத்துப் பாட்டிகள் கைதட்டியே காட்டிய கணக்கு இது.

'இளைய நிலா'வுக்கும் (1982) இதே வீச்சைப் போடுகிறார்கள், கேட்கவே முடியவில்லை. அதில் கிட்டார் கலைஞர் சந்திரசேகர் கம்பிகளை ஒவ்வொன்றாகத்தான் மீட்டுகிறார். அந்த ஒலிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் எஸ்.பி.பி. குரல் மிதக்கிறது. ஆறு கம்பியையும் சேர்த்து அடித்தால் அந்த இடமே அடைபட்டுப் போகிறது.

அப்புறம், கார்டு மாறும் இடம். பல்லவி தாளத்துக்குச் சற்றுத் தள்ளி எடுக்கும் பாட்டுகளில், சொல் வரும்போதே கார்டையும் மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மாற வேண்டியது தாளத்தின் முதல் அடியில். பாடுகிறவர் திணறுவது இதனால்தான், பழி மட்டும் சுருதிக்கு. "கரோக்கேயே போடுங்கப்பா" என்று சொல்லும் அத்தைகளை நான் குறை சொல்ல மாட்டேன்.