கிரேட் தேர்வும் வியோலாவும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து சிரம்பானுக்கு மேற்கத்திய இசை படிக்க வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே பாதைதான் காட்டப்படுகிறது. லண்டனில் 1889இல் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம் வாரியத்தின் கிரேட் தேர்வுகள், ஒன்று முதல் எட்டு வரை. வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசிக்கப்போகும் பிள்ளையும், அந்தக் கலைஞர்கள் பலரையும் போல, வயலினில் தொடங்கி, கை நீண்டபின் அதற்கு மாறும்.

இந்தத் தேர்வுமுறையை எடுத்த எடுப்பில் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பால்மரம் சீவிய, செம்பனைக் குலை அறுத்த குடும்பத்துக்குச் சிபாரிசு செய்ய யார் இருக்கிறார்கள்? முன்பின் அறியாத தேர்வாளர் 150க்கு 130 போட்டால் அந்தச் சான்றிதழை எந்த ஊரிலும் மதிப்பார்கள். பாடத்திட்டம் எழுத்தில் இருப்பதால், ஆசிரியர் மாறினாலும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் குறை தெரியும். மூன்று உருப்படிகளுக்கு 90, ஸ்கேலுக்கு 21, பார்த்தவுடன் வாசிக்க 21, செவிப்பயிற்சிக்கு 18. குழுவில் உட்கார்ந்து வாசிப்பதற்குத் தனி மதிப்பெண்ணே கிடையாது. உருப்படிக்குத் துணையாகப் பெரும்பாலும் பியானோ வரும், அவ்வளவுதான். தனித்து நிற்கும் பியானோவுக்கு இது போதலாம். வியோலாவின் வேலையோ நடுக்குரல். நால்வர் குழுவில் மேலே இரண்டு வயலின், கீழே செல்லோ, இடையில் இது இசைவை நிரப்பும்.

வயலினிலிருந்து மாறும்போதே சிரமம் தொடங்குகிறது. வயலினில் ‘பி’ என்று படித்த நடுக்கோடு வியோலாவுக்கான ஆல்டோ கிளெஃபில் ‘சி’ ஆகிவிடும். விரல் இடைவெளி அகலும். தடித்த சி கம்பியில் வில்லை மேலோட்டமாக இழுத்தால் நாதம் எழாது. கையின் எடையை இறக்கி நிதானமாக இழுக்க வேண்டும். இவ்வளவையும் பழகிய பிள்ளை, தேர்வுக்கான மூன்று உருப்படிகளையே மாதக்கணக்கில் உருப்போடுகிறது. பக்கத்து வில் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று பார்க்கவோ, மௌன அளவுகளை எண்ணிக் காத்திருந்து சரியான இடத்தில் நுழையவோ யாரும் சொல்லித்தருவதில்லை.

மலேசிய ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா 1998இல் தன் முதல் கச்சேரியை நடத்தியது. அதன் இளையோர் குழு 2006இல் அமைந்தது. ஆக, கனவு காண ஓர் இடம் உள்நாட்டிலேயே உண்டு. ஆனால் தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆளெடுக்கும் தேர்வுகளில் ஸ்டாமிட்ஸ் அல்லது ஹொஃப்மைஸ்டர் கன்செர்டோவோடு, ஸ்ட்ராஸின் ‘டான் ஹுவான்’ போன்ற ஆர்கெஸ்ட்ரா படைப்புகளிலிருந்தும் பகுதிகளை வாசிக்கச் சொல்வது உலக வழக்கம். எட்டாம் கிரேடில் டிஸ்டிங்ஷன் வாங்கியவரும் அங்கே திணறுவார். பழக்காததை எப்படி வாசிப்பார்?

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனையில் பத்துக் குரல்களோடு இழைந்து பாடி வளர்ந்த பிள்ளைக்கு, நடுக்குரலுக்கு வேண்டிய காது ஏற்கெனவே இருக்கிறது. கர்நாடக இசைக்கும் வியோலா அந்நியமில்லை; பாலமுரளிகிருஷ்ணா அதை வாசித்திருக்கிறார். அந்தக் காதைத் தேர்வுமுறை 18 மதிப்பெண்ணோடு முடித்துவிடுகிறது.

கிரேட் தேர்வு அளவுகோலாக இருக்கட்டும், அதுவே படிப்பாகிவிடக் கூடாது. பெற்றோரே, அடுத்த கிரேடுக்குப் பணம் கட்டும் முன், வாரம் ஒருமுறையாவது நாலு பேரோடு உட்கார்ந்து வாசிக்க வழியிருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஆண்டுத் தேர்வைத் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தில் பிள்ளையைக் கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூருக்கு அனுப்பி, ஒரு குழுவில் சேர்த்துவிடுங்கள்.