ஏ மேஜரும் அதன் பங்காளிகளும்

கிடார் கார்ட் புத்தகங்களில் பல ஒரே அடுக்குமுறையைப் பின்பற்றுகின்றன. ஏ என்ற ரூட்டின் மேல் எழும் மேஜர், மைனர், செவன்த், சஸ் ஃபோர், டிமினிஷ்டு எல்லாம் ஒரே பக்கத்தில், அடுத்து பி, அடுத்து சி. அகரவரிசை முடிந்தால் பாடமும் முடிந்தது.

ஏ ரூட்டில் இந்த முறை பிரமாதமாக வேலை செய்கிறது. 4, 3, 2-ஆம் தந்திகளை இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஏ மேஜர். இரண்டாம் தந்தியில் இருக்கும் விரலை ஒரு ஃப்ரெட் பின்னுக்கு இழுத்தால் சி ஷார்ப் இறங்கி சி ஆகும், மேஜர் மைனராகிவிடும். அதே தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு ஏறினால் சஸ் ஃபோர். விரலையே எடுத்தால் சஸ் டூ. மூன்றாம் தந்தியில் ஒரு ஃப்ரெட் இறங்கினால் மேஜர் செவன்த். அதைத் திறந்துவிட்டால் செவன்த். அடியில் ஏ அசையாமல் ஒலிப்பதால், மாறிய ஒரே ஸ்வரம் காதில் தனியாக விழுகிறது. மேஜரையும் மைனரையும் பிரிப்பது மூன்றாம் ஸ்வரம்தான் என்பதை விரலே சொல்லிக்கொடுக்கிறது.

சி பக்கத்துக்குப் போனதும் இந்தச் சுகம் போய்விடுகிறது. திறந்த சி மேஜரில் முதல் தந்தி ஈ-யாக ஒலிக்கிறது. மைனருக்கு அந்த ஈ ஆகாது. அதனால் புத்தகம் மாணவரை மூன்றாம் ஃப்ரெட்டில் பார் போடச் சொல்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள், கையில் தொலைதூரம்.

இதைவிடப் பெரிய குறை வேறு. 1969-இல் வெளிவந்த 'அபே ரோடு' ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசனின் 'சம்திங்' பாடல், சி மேஜர், சி மேஜர் செவன்த், சி செவன்த் என்று நகர்ந்து எஃப் மேஜரில் இறங்குகிறது. உள்ளே சி, பி, பி ஃப்ளாட், ஏ என ஒரு குரல் அரை ஸ்வரமாகப் படியிறங்குகிறது. முதல் மூன்று படிகள் சி பக்கத்தில் கிடைக்கும். நான்காவது கிடைக்காது. சி செவன்த் அந்த எஃப்-ஐ நோக்கித்தானே தவிக்கிறது! போகும் இடத்தை மறைத்துவிட்டு வகையின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வது அரைப் பாடம்.

ரூட் என்பதும் அத்தனை உறுதியானதல்ல. ஏ மைனர் செவன்தும் சி சிக்ஸ்தும் ஏ, சி, ஈ, ஜி என்ற அதே நான்கு ஸ்வரங்கள்தாம். எது ரூட் என்பதைப் பெரும்பாலும் பேஸ் முடிவு செய்கிறது. டிமினிஷ்டு செவன்துக்குப் பன்னிரண்டு ரூட்டிலும் தனித்தனிப் பெயர் உண்டு. உண்மையில் இருப்பவை மூன்றே ஸ்வரக் கூட்டங்கள். 1937 முதல் 1987 வரை கவுன்ட் பேசி இசைக்குழுவில் கிடாரில் தாளம் பிடித்த ஃப்ரெடி கிரீன் பல இடங்களில் ஓரிரு தந்திகளை மட்டுமே ஒலிக்கவிட்டார். ரூட்டைப் பேஸ்காரர் பார்த்துக்கொண்டார்.

ஏ, ஈ, டி என்ற மூன்று ரூட்டுகளில் காதைத் தீட்ட இந்த அடுக்குமுறையை வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றை கீ வாரியாக, பாட்டில் வரும் வரிசையில் கற்பதே மேல். புத்தகத்தை மாற்றி அச்சிடுபவர் சி செவன்த் கட்டத்துக்கு அருகிலேயே எஃப் மேஜரையும் போடட்டும். ஏ மைனர் செவன்துக்குக் கீழே சி சிக்ஸ்தைப் பார்க்கச் சொல்லி ஒரு குறிப்பு இருக்கட்டும்.