குடியிருப்பவருக்கு முகவரி யார் தருவது?

வாடகை தவறாமல் கொடுத்தும், குடியிருக்கும் வீட்டின் முகவரியைத் தங்கள் பெயரில் பதிய முடியாமல் அல்லாடும் குடும்பங்கள் சென்னையிலும் உண்டு, கொழும்பிலும் உண்டு. எழுத்தில் எதுவும் தர வீட்டுக்காரர் மறுப்பதுதான் இரண்டு ஊரிலும் சிக்கல். அந்த மறுப்புக்குப் பின்னால் உள்ள பயம் மட்டும் வேறு வேறு.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் வருமான வரிப் பயம். ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்கும் ஊழியர் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் காட்ட வேண்டும். "அக்ரிமெண்ட் எல்லாம் வேண்டாம், கையில் கொடுத்துவிடுங்கள்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. எழுதினாலும் 11 மாதத்துக்குத்தான். ஓராண்டைத் தாண்டாத குத்தகைக்கு 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் பத்திரப்பதிவு கட்டாயமில்லை.

இலங்கையில் பயம் சொத்தைப் பற்றியது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரை எளிதில் எழுப்ப முடியாதபடி காத்தது. அந்த நினைவில், வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) பெயர் ஏறினாலே வீடு கைவிட்டுப் போகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். வாக்காளர் பதிவு சொத்துரிமை எதையும் தராது. இருந்தும், வீட்டுக்கு வரும் படிவத்தைப் பிரதான குடியிருப்பாளர் நிரப்பும்போது அனெக்ஸில் (வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதியில்) இருக்கும் குடும்பம் விடுபடுகிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். செலவுக்கு அஞ்சி வாய்ப்பேச்சோடு நிற்பவர்கள் பலர்.

இழப்பு பிள்ளையின் தலையில் விழுகிறது. இலங்கை அரசுப் பாடசாலையில் முதலாம் தரத்துக்கு, அருகில் வசிப்போர் பிரிவில் விண்ணப்பித்தால், பெற்றோரின் முந்தைய 5 ஆண்டு வாக்காளர் பதிவுக்குப் புள்ளிகள் உண்டு. பதிவில்லாத வாடகைக் குடும்பம், பாடசாலைக்குப் பக்கத்திலேயே இருந்தும் பின்தங்குகிறது. அங்குள்ள தமிழருக்கு இந்த முகவரி விஷயத்தில் வேறொரு வடுவும் உண்டு. 2007 ஜூன் 7 அன்று, கொழும்பில் தங்கியிருக்கத் தக்க காரணமில்லை என்று நூற்றுக்கணக்கான தமிழர்களை விடுதிகளிலிருந்து பொலிஸார் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

வழிகளைப் பார்ப்போம். 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் கட்டாயம். வீட்டுக்காரர் சேர்ந்து வராவிட்டால் வாடகைதாரர் தனியாகவே விவரம் தாக்கல் செய்யலாம். ஆதாருக்கு மாமன்ற உறுப்பினர், தாசில்தார் போன்றோர் தரும் சான்றிதழும் செல்லும். வாக்காளர் பட்டியலுக்கு முகவரி ஆவணமே இல்லையென்றாலும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும்.

இலங்கையின் பலம் கிராம அலுவலர். யாழ்ப்பாணத்தார் விதானையார் என்று அழைக்கும் அவருக்கு, எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது தெரியும். அவர் தரும் வதிவிடச் சான்றிதழ் பல அலுவலகங்களில் செல்லும். இடாப்பில் பெயர் விடுபட்டால் உரிமைக் கோரிக்கையும் வைக்கலாம்.

தமிழ்நாட்டில் தனியாகத் தாக்கல் செய்யும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. இலங்கையில் நேரில் அறிந்த அலுவலர் இருக்கிறார். ஆனால் வீட்டுக்காரரை மீறிப் பதியக் குடியிருப்பவர் தயங்குகிறார். ஒருவர் ஓரிடத்தில் வாழ்வதற்கு அவர் அங்கே வாழ்வதுதான் சாட்சி. அதை உறுதிப்படுத்துவது அரசின் கடமை. வீட்டுக்காரரின் தயவுக்கு அதை விடக்கூடாது. அதுவரை வாடகையை வங்கி வழியே கொடுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள், மறுத்தால் அதிகாரியிடம் எழுத்தில் முறையிடுங்கள்.