சுடுமண்ணிற் பவளமும் நெய்தற் பசலையும்

செட்டிநாட்டில் வாழ்வார்க்குச் சுடுமண் உருவம் என்றவுடன் நினைவில் எழுவன ஐயனார் கோயிற் குதிரைகளே. அம்மண்ணிற் கடலுயிர்க்கு இடமில்லை. ஆதலின், கோர்ட்னி மாட்டிசன் என்னும் அமெரிக்கச் சிற்பியாரின் பவளத் தொகுதிகளை நிழற்படத்தில் முதன்முறை கண்டபோது எனக்கு வியப்பே மிகுந்தது. அவர் கடற்சூழலியலும் சுடுமண் கலையும் ஒருங்கு பயின்றவர். 'மாறிவரும் நம் கடல்கள்' என்னும் வரிசையில் மூன்றாவதாகிய 2014ஆம் ஆண்டுத் தொகுதியே ஈண்டு ஆராயப்படுவது. நேரிற் காணாமையின், அதன் பருமையும் மெருகின் ஒளியும் பற்றி உரைக்கத் துணியேன்.

அத்தொகுதி சூறாவளி போலச் சுழன்று கிடக்கின்றது. நடுவில் பல வண்ணப் பவளங்கள் செறிந்துள்ளன. விளிம்பு நோக்கிச் செல்லச் செல்ல நிறம் வெளிறிக் கடைக்கண் வெண்மையே எஞ்சுகின்றது. கடல்நீர் வெம்மையுற்றுழிப் பவளம் வெளுத்தலை இது காட்டுகின்றது. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்ததும் இதுவே.

இங்கு ஒரு தடை எழும். வெண்ணிறச் சுடுமண் கண்ணுக்கு இனியது. அழிவைக் காட்ட வந்தவர் அழிவையே அழகாக்கி விட்டாரோ? யானும் முன்னர் அவ்வாறே கருதினேன். அக்கருத்தை மாற்றியது அறிவியல் கூறும் ஓர் உண்மை. பவள உயிரியின் தசையில் நுண்பாசிகள் உறைகின்றன. நிறம் பெரும்பாலும் அவற்றால் வருவது. உணவிற் பெரும்பகுதியும் அவை தருவதே. வெம்மை மிகின் பாசிகள் நீங்குகின்றன. தசை நிறமற்றுத் தெளிய, அடியிலுள்ள சுண்ணக் கூடு வெண்மையாகத் தோன்றுகின்றது. அந்நிலையிற் பவளம் இறந்ததன்று. வெம்மை விரைந்து தணியின் பாசியும் நிறமும் மீளும், நீடிப்பின் இறக்கும்.

தலைவன் பிரியத் தலைவி மேனியிற் பரந்து, அவன் மீள நீங்குவது பசலை. பசலை பொன்னிறத்தது, இதுவோ வெண்ணிறத்தது எனின், நிறம் வேறு, நிகழ்ச்சி ஒன்றே. உடனுறைந்தது நீங்க உடல் வெளிறுதலும், இறவாது ஆற்றியிருத்தலும் ஈரிடத்தும் உள. நெய்தற்கு இரங்கலை உரிப்பொருளாக்கிய மரபில் வந்த நாம் அவ்வெண்மையைப் பிணத்தின் வெண்மையாகக் கொள்ளுதல் பொருந்தாது. வெளிறிய மேனி அழகுடையதாய் இருத்தலும் குற்றமன்று.

நம் செய்யுட்களிற் பவளம் இதழுக்கு உவமையாக வருமளவு, உயிராக வரக் காணேன். அது வியப்புமன்று. அணிகலனாகிய செம்பவளம் மேலைக் கடலினின்று வந்த பண்டம். முசிறியில் இறங்கிய பொருள்களுள் அதனையும் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் குறிக்கின்றது. தென்கடற் பவளப் பாறையையோ சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தனர். பாறைப் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் இடம்பெற்றதே 2001இல்தான். பண்டமாகவும் சுண்ணமாகவும் நாம் கண்ட ஒன்றை இச்சிற்பம் உயிராகக் காட்டுகின்றது.

எனினும் ஒரு குறை உண்டு. பசலை நீங்குவது, சுட்ட மண்ணின் நிறமோ மாறாது. சிவகங்கைப் பகுதியிற் புரவியெடுப்புக்குப் பிடிமண் பெற்று வேளார் வனையும் குதிரைகள், கோயில் வெளியில் வெயிலும் மழையும் பட்டுச் சிதைகின்றன. அவற்றின் அருகே அடுத்த எடுப்பிற் புதியன வந்து நிற்கின்றன. பழையதும் புதியதும் ஒருங்கு நிற்கும் அவ்வெளியிற் காலம் புலனாகின்றது. மாட்டிசன் தொகுதியிலோ காலம் இடமாகச் சுருங்கி விடுகின்றது.

விளிம்பினின்று நடுநோக்கிப் பார்ப்பின் நிறம் மீள்வதாகத் தோன்றும் என வகுப்பில் மாணவர் ஒருவர் வாதிட்டார். சூறாவளியிற் காற்று உள்நோக்கியே சுழல்வது என்றும் காட்டினார். நல்ல வாதமே. ஆயினும் விளிம்பிலுள்ள வெண்பவளங்கள் துணுக்குகளாகச் சிறுத்துச் சிதறுகின்றன. மீண்டு வரும் ஒன்று அவ்வாறு சிதறாது. அவ்விடத்துச் சிற்பியார் ஆற்றியிருத்தலை விடுத்து, இறப்பையே முடிவாகக் கொண்டார் என்பது என் துணிபு.