இடம் இருக்கு, ஆனா இடமில்லை

கம்பத்தில் மாமாவின் கணினியில் பழைய அகராதி சிடி ஒன்றை நிறுவப் போனால், "டிஸ்கில் போதிய இடமில்லை" என்றது. அதை நம்பி மனுஷர் திருவிழாப் படங்களை எல்லாம் அழித்துவிட்டார். அப்புறம் நான் போய்ப் பார்த்தால் 43 ஜிபி காலி!

குறியுள்ள 32 பிட் எண்ணில் 2,147,483,647 பைட் வரைதான் அடங்கும். தாண்டினால் கணக்கு மைனஸுக்குத் தாவி, 4 ஜிபிக்கு ஒருமுறை சுற்றி வரும். 43 ஜிபி அதற்கு மைனஸ் 1 ஜிபி. பெரியாறு அணையின் 142 அடியை இரண்டு இலக்க மீட்டர் 42 என்று காட்டுமே, அந்தக் கதைதான்.

2 ஜிபிக்கு ஒரு வெத்து ஃபைலைப் போட்டு இடத்தைக் குறைத்தேன். உடனே நிறுவிக்கொண்டது!

பெரிய டிஸ்க் வரும் என்று அன்றைக்கு எதிர்பார்க்காததை மன்னிக்கலாம். தான் கண்ட எண்ணை மறைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. "காலி இடம்: மைனஸ் 1 ஜிபி" என்று போட்டிருந்தால் மாமாவே சிரித்திருப்பார். படங்களும் மிஞ்சியிருக்கும்.